சிராய்ப்பும் ஒரு சாட்சிதான்

ஜிம் கார்பெட்டுக்கு ஒரு ரைஃபிள் பரிசாகக் கிடைத்தது. 1907இல் அவர் சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் கொடுத்தது. 436 பேரைக் கொன்ற புலி என்பது அன்றைய கணக்கு. லண்டனைச் சேர்ந்த ரிக்பி நிறுவனத்தின் .275 ரைஃபிள் அது. யாருக்கு, யார், எதற்காகக் கொடுத்தார் என்பதை அதன் மரக்கட்டையில் பதித்த சிறு வெள்ளித் தகடு சொல்கிறது. தி.ஜ.ர. தமிழில் தந்த 'குமாயுன் புலிகள்' வழியாகக் கார்பெட்டை அறிந்த வாசகர்கள் பல பேர் இருப்பார்கள். 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தியதும் இந்த .275தான்.

கார்பெட் 1955இல் கென்யாவில் இறந்தார். அவரது நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிடி பிரஸ்ஸின் வசம் போன ரைஃபிளை, 2015இல் ரிக்பி நிறுவனமே வாங்கிக்கொண்டது. 2016இல் அது குமாயுன் மலைக்கு ஒருமுறை வந்துபோனது.

இந்த ரைஃபிள் கைத்திறன் மிக்க ஓர் ஆர்வலரிடம் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டையை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று வார்னிஷ் அடித்திருப்பார். வெளுத்த குழலுக்குப் புதுக் கறுப்பு ஏற்றியிருப்பார். மேலே 4 துளை போட்டு டெலஸ்கோப் மாட்டியிருப்பார். கையில் எடுத்தால் புதுசு மாதிரியே இருக்கும். கார்பெட்டின் உள்ளங்கை தேய்த்த இடம் மட்டும் இருக்காது.

பழைய போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிள்களைச் சீரமைப்பது உலகெங்கும் ஒரு தனிக் கலை. இதில் இரண்டு வேலைகள் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, மீட்டெடுத்தல். இன்னொன்று, மாற்றியமைத்தல். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. மூலத்தில் இருப்பதைத் தெளிவாகக் கேட்கச் செய்வது ஒரு வேலை. மூலம் இப்படி இருந்திருக்கலாமே என்று தன் ரசனைக்குத் திருத்துவது வேறு வேலை. இரண்டாவது சில நேரம் படிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் அதை மூல ஆசிரியர் பெயரில் விற்கக் கூடாது.

மீட்டெடுப்பவரின் வேலை பெரும்பாலும் பொறுமை சார்ந்தது. வால்நட் கட்டையில் விழுந்த பள்ளத்தின் மேல் ஈரத்துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒற்றினால், நசுங்கிய நார்கள் நீராவியில் உப்பி எழும். மரம் வெட்டுப்பட்டிருந்தால் எழாது. அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. ஆளிவிதை எண்ணெயை விரலால் மெல்லியதாகத் தேய்த்து, உலரவிட்டு, மறுபடி தேய்ப்பார்கள். நாள் கணக்கில் நடக்கும் வேலை. துருவை எண்ணெயும் மிக நுண்ணிய எஃகுப் பஞ்சும் கொண்டு நீக்குவார்கள். அடியில் மிஞ்சியிருக்கும் பழைய நிறம் போகாமல் துரு மட்டும் போக வேண்டும்.

பழைய ரைஃபிளின் குழலுக்குள் சொறி விழுந்திருக்கக் காரணம் கவனக்குறைவு மட்டுமல்ல. அந்தக் காலத் தோட்டாக்களின் அடிமுனையில் இருந்த பற்றவைக்கும் மருந்து, சுட்டபின் ஒருவகை உப்பைக் குழலுக்குள் விட்டுச் செல்லும். அது காற்றின் ஈரத்தை இழுத்து, ஒரே இரவில் துருவை ஆரம்பித்துவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர் கரைக்கும். வேட்டை முடிந்து முகாம் திரும்பியதும் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் அதனால் வந்தது. ஒரு குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால், முகாமில் அந்த வேலையைப் பார்த்தவர் எவ்வளவு கவனமானவர் என்று தெரிந்துவிடும். அவர் பெயர் எந்த வேட்டைப் புத்தகத்திலும் இருக்காது.

மாற்றியமைப்பதற்குப் பெரிய சந்தை அமெரிக்காவில் உருவானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவு விலையில் வந்து குவிந்த ராணுவ ரைஃபிள்களை வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். ஜெர்மானிய மௌசர், பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்ட், அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்ட் எதுவும் தப்பவில்லை. நீண்ட மரக்கட்டையை ரம்பத்தால் அறுத்து, குழலைக் குறைத்து, போல்ட்டின் கைப்பிடியை வளைத்து, டெலஸ்கோப்புக்குத் துளை போட்டு மான் வேட்டைக்குத் தயாராக்கினார்கள். 1963இல் கென்னடியைக் கொன்ற ரைஃபிளும் தபாலில் வந்த உபரிச் சரக்குதான். விற்ற கடையே டெலஸ்கோப் மாட்டி அனுப்பிய இத்தாலிய ராணுவ கார்கானோ, விலை 19.95 டாலர். 1968இல் வந்த சட்டம் இந்தத் தபால் வியாபாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று சேகரிப்பாளர்கள் தேடுவது அறுபடாத, துளைபடாத ரைஃபிள்களைத்தான். அன்று ஒரு மாலை நேரத்தில் ரம்பம் செய்த வேலையை எத்தனை பணம் கொடுத்தாலும் திருப்ப முடியாது.

மாற்றம் என்றாலே பாவம் என்று இதற்கு அர்த்தமில்லை. கார்பெட்டின் ரைஃபிளின் இதயமே ஜெர்மனியில் ஓபர்ன்டார்ஃபில் செய்யப்பட்ட மௌசர் போல்ட் அமைப்புதான். பால் மௌசர் ராணுவத்துக்காக 1898இல் முழுமையாக்கிய வடிவத்தை லண்டன்காரர்கள் வேட்டைக்கு ஏற்றபடி செதுக்கினார்கள். அந்த மாற்றம் ரைஃபிளின் பிறப்போடு சேர்ந்தது. அதற்கு ஒரு வரலாறு சேருவதற்கு முன்பே நடந்தது. வரலாறு சேர்ந்த பிறகு செய்யும் மாற்றத்துக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இதை மறுபடி பழையபடி ஆக்க முடியுமா? பழைய துளைகளிலேயே பொருந்தும் வேறு குறிமுனையை மாட்டலாம், பின்னால் கழற்றிவிடலாம். புதுத் துளை போட்டால் போட்டதுதான்.

அழகு, வரலாறு இரண்டையும் ஒதுக்கிவிட்டாலும் உயிர் என்று ஒன்று இருக்கிறது. பழைய மௌசரின் உடல் மிருதுவான எஃகு. அதன் மேற்பரப்பு மட்டும் கெட்டியாக்கப்பட்ட மெல்லிய தோல். அழகுக்காக அந்தத் தோலைத் தேய்த்து எடுத்தால் பலம் போய்விடும். கைப்பிடியை வளைக்கப் போல்ட்டைத் தீயில் காட்டும்போது சூடு முன்னால் பரவினால், வெடிப்பின் முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டிய பூட்டுக் காதுகள் மிருதுவாகிவிடும். வேறொரு ரைஃபிளின் போல்ட் கச்சிதமாக உள்ளே போகிறது என்பதற்காக மாட்டினால், தோட்டாவுக்குப் பின்னால் மயிரிழை இடைவெளி கூடிவிடலாம். அந்த மயிரிழை சுடுபவரின் முகத்துக்கு அருகில் இருக்கிறது.

தொழிற்சாலைகளே இந்தப் பாடத்தைக் கடினமான வழியில்தான் கற்றன. அமெரிக்காவின் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள்கள் சில 1917 வாக்கில் வெடித்துச் சிதறின. விசாரித்தபோது, உலையில் எஃகு போதிய அளவு காய்ந்துவிட்டதா என்பதை அனுபவசாலித் தொழிலாளர்கள் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்துவந்தது தெரிந்தது. மேகமூட்டமான நாளில் சிவப்பாகத் தெரியும் இரும்பு, பளிச்சென்ற வெயிலில் அவ்வளவு சிவப்பாகத் தெரியாது. எனவே வெயில் நாட்களில் எஃகு அளவுக்கு மீறிச் சூடேறி நொறுங்கும் தன்மை அடைந்தது. அதன் பிறகே வெப்பமானிகள் வந்தன, முறை மாறியது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் செய்யப்பட்டவற்றில் 800,000க்குக் குறைவான எண் கொண்டவற்றைச் சுடக் கூடாது என்று இன்றும் எச்சரிக்கிறார்கள். அப்படி ஒன்றைப் பளபளப்பாக்கி, எண்ணை மழுக்கி விற்பவர் என்ன விற்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவில் கதை வேறு திசையில் போகிறது. இங்கே புலி வேட்டை 1970இல் நின்றது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டை என்ற பொழுதுபோக்குக்கே கதவைச் சாத்தின. சரியான முடிவு, அதில் மறுபேச்சில்லை. ஆனால் ரைஃபிள்கள் வீடுகளில் தங்கிவிட்டன. ராணுவத் தோட்டா மக்கள் கைக்குப் போகக் கூடாது என்று பிரிட்டிஷார் நினைத்ததால், .303க்குப் பதில் பிறந்த .315 ரைஃபிள்கள் அவற்றில் ஏராளம். இஷாப்பூரில் செய்யப்பட்ட இவற்றின் போல்ட் லீ-என்ஃபீல்டு வகை, தோட்டா ஆஸ்திரியாவின் பழைய மான்லிக்கர் வகை. .303 இன்றும் தடை செய்யப்பட்ட வகையில்தான் இருக்கிறது. குடகு நாட்டில் செப்டம்பரில் வரும் கைல் போள்து பண்டிகையில் துப்பாக்கிகளைத் துடைத்து வைத்துப் பூஜை செய்கிறார்கள். குழல் முனையில் செருகும் பூ செங்காந்தள். அவர்கள் மொழியில் அதற்குத் துப்பாக்கிப் பூ என்றே பெயர். குடவர்களுக்கு உரிமம் வாங்குவதிலிருந்து நெடுங்காலமாக உள்ள விலக்கை 2019இல் மத்திய அரசு 2029 வரை நீட்டித்தது.

மற்றவர்களுக்கு 1959 ஆயுதச் சட்டம்தான். அதன்படி துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கே உரிமம் வேண்டும். குழலைக் குறைக்கவோ ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றவோ உரிமமின்றி யாருக்கும் அனுமதி இல்லை. மொட்டைமாடியில் ரம்பமும் தீயுமாக உட்காரும் ஆசை இருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். 2019 திருத்தம் இன்னொன்றும் செய்தது. ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்தவையும் இந்தக் கணக்கில் சேரும். மூன்றாவதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

ஆயுதங்கள் குறைவது நல்லதே. ஆனால் துப்பாக்கியோடு அதன் கதையையும் சேர்த்து ஒப்படைக்கும்படி எந்தச் சட்டமும் கேட்கவில்லை. குழலின் மேல் செய்தவர் பெயரோடு விற்ற கடையின் பெயரும் பொறித்திருக்கும். கல்கத்தாவின் மாண்டன் பெயர் அப்படிப் பல குழல்களில் உண்டு. ரிக்பி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற நிறுவனங்கள் தங்கள் பழைய பேரேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன. ஓர் எண்ணைக் கொண்டு அந்த ரைஃபிள் யாருக்காகப் புறப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியும். எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டால் அந்தப் பேரேட்டின் வரி அநாதையாகிவிடும்.

எனவே தாத்தாவின் ரைஃபிள் வீட்டில் இருந்தால், முதலில் எடுக்க வேண்டியது உப்புத்தாளை அல்ல, நோட்டுப் புத்தகத்தை. எண், பெயர், முத்திரைகள், உரிமத் தாள், எந்தச் சிராய்ப்பு எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். படமும் எடுத்து வையுங்கள். அதன் பிறகு உரிமம் உள்ள கைவினைஞரிடம் கொண்டு போய்த் துருவை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ரைஃபிள் செய்த வேலை முடிந்துபோய்விட்டது. திரும்பி வரவும் வேண்டாம். யார் தூக்கினார்கள், யார் துடைத்தார்கள், காட்டில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய சாட்சியாக மட்டுமே அது இனி நம்மோடு இருக்கப்போகிறது. சாட்சியைக் குளிப்பாட்டிக் கூட்டி வரலாம். வாக்குமூலத்தை மாற்றச் சொல்லக் கூடாது.