கடன்மேல் கடன் காய்க்குமா?

இக்காலத்தில் "டீஃபை" என்று ஒரு புது மோட்சம் விளம்பரப்படுத்தப்படுகிறது. பாங்கி வேண்டியதில்லை, தரகன் வேண்டியதில்லை, கிரிப்டோ நாணயத்தைக் கம்ப்யூட்டர் கணக்கில் போட்டால் தானாக வட்டி வரும் என்கிறார்கள். தரகன் இல்லாமல் கொடுக்கல் வாங்கல் நடக்குமானால் அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. நிற்க, அதில் நடக்கும் ஒரு வித்தையைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

100 ரூபாய் பெறுமான நாணயத்தை ஈடு வைத்தால் வேறொரு நாணயத்தில் 80 ரூபாய் கடன் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 80க்கும் முதல் நாணயத்தையே வாங்கி ஈடு வைத்து 64 பெறுவது. மறுபடியும் அப்படியே செய்வது. சுற்றிக்கொண்டே போனால் 100 ரூபாய்க்காரன் 500 ரூபாய் போட்டவனாகவும், 400 ரூபாய் கடனாளியாகவும் ஆகிறான். போட்டதற்கு 5 வட்டியும் கடனுக்கு 4 வட்டியுமானால் 25 வந்து, 16 போய், 9 மிஞ்சும். கடன் வட்டி 7 ஆனாலோ 3 நஷ்டம். ஈட்டின் விலை ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் சொந்த முதல் முழுவதும் பாழ். அதற்கு முன்பே ஈட்டை விற்றுவிடும்படி கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. அதனிடம் தயவும் கிடையாது, தவணையும் கிடையாது.

அந்த வட்டியைக் கொடுப்பவன் யார் என்பதே நம் கேள்வி. நெல் விளைந்ததா? தறி ஓடிற்றா? 2020 ஜூனில் காம்பவுண்ட் என்னும் கடன் ஏற்பாடு, போடுகிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் தன் சொந்த டோக்கனை இனாமாகக் கொடுத்தது. உடனே இனாமுக்காகவே ஒரே ஆள் போடுவதும், வாங்குவதும், வாங்கியதையே போடுவதுமாகச் சுற்றினான். டெர்ராவைச் சேர்ந்த ஆங்கர் என்பதோ சுமார் 20 சதவிகித வட்டி தந்தது. கடன் வாங்கினோர் கட்டியது அதற்குப் போதாமல், 2022 பிப்ரவரியில் 45 கோடி டாலர் கொண்டுவந்து கொட்ட வேண்டியதாயிற்று. அந்த வட்டியை நம்பி வேறிடத்தில் கடன் வாங்கிச் சுற்றியவர்களும் பலர். அவ்வருஷம் மே மாதத்தில், ஒரு டாலருக்குக் குறையாது என்று சொல்லப்பட்ட அதன் நாணயம் சரிந்தது. சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு மறைந்தது. அதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான டோ குவான் 2025 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

தோழர்களே! உண்டியலில் ஒன்று போட்டால் பத்தாகத் திரும்பும் என்ற புரோகிதனை "எங்கிருந்து வரும்?" என்று கேட்கத் துணிந்தவர்கள் நீங்கள். கம்ப்யூட்டர் சொல்லும்போது மட்டும் வாய்மூடி நிற்பது பகுத்தறிவாகுமா? கடன் சுற்றுவதால் செல்வம் பிறப்பதில்லை, அபாயம்தான் பெருகுகிறது. உழைத்துச் சேர்த்த காசைப் போடுமுன், கொடுப்பவன் யார் என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் பணத்தையும் வைக்காதீர்கள்.