மூச்சுக்கு ஏற்ற ரத்தம்

தோட்டத்தில் மண் கொத்தும்போது மண்வெட்டி தவறி மண்புழுவின்மேல் பட்டால் சிவப்பாக ரத்தம் கசியும். கரப்பான்பூச்சியை மிதித்தால் வெள்ளையாகத்தான் ஏதோ பிதுங்கும். காலும் இறக்கையும் கூட்டுக்கண்ணும் கொண்ட பூச்சிக்கு இல்லாத சிவப்பு ரத்தம், கண்ணே இல்லாத புழுவுக்கு ஏன்? அவை மூச்சுவிடும் விதத்தில் இருக்கிறது விடை.

கரப்பானின் உடல் முழுக்க நுண்ணிய காற்றுக்குழாய்கள் கிளைவிட்டிருக்கின்றன. ஆக்சிஜன் அவற்றின் வழியே நேராகத் திசுக்களை அடைந்துவிடும். அதைச் சுமக்கும் வேலை ரத்தத்துக்கு இல்லாததால், ஆக்சிஜனைச் சுமந்து ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினும் இல்லை. 13 அறைகள் கொண்ட நீண்ட இதயம் தள்ளிவிடும் நிறமற்ற ரத்தம், உடற்குழிக்குள் பரவி உறுப்புகளை நனைத்துவிட்டு இதயத்துக்குத் திரும்புகிறது. இது திறந்த ரத்த ஓட்டம்.

மண்புழுவுக்கு நுரையீரலும் இல்லை, காற்றுக்குழாயும் இல்லை. ஈரத்தோலில் கரையும் ஆக்சிஜனை ரத்தம்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். அதனால் நம்மைப் போலவே அதற்கும் குழாய்களை விட்டு வெளியேறாத மூடிய ரத்த ஓட்டம். முதுகுப்புறக் குழாய் சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை வாலிலிருந்து தலைக்குத் தள்ளுகிறது. பின்னோக்கி வழியாதபடி உள்ளே வால்வுகள் தடுக்கின்றன. வயிற்றுப்புறக் குழாயில் ரத்தம் தலையிலிருந்து வாலுக்குப் போகிறது. நம் ஊர் மண்ணில் வாழும் லாம்பிட்டோ மாரிட்டி இனத்தில் இவ்விரு குழாய்களையும் 8 ஜோடி பக்க இதயங்கள் இணைக்கின்றன. ஐரோப்பிய லும்ப்ரிகஸுக்கு 5 ஜோடி.

நம் ஹீமோகுளோபின் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. மண்புழுவினுடையது பிளாஸ்மாவிலேயே கரைந்திருக்கிறது, மூலக்கூறும் மிகப் பெரியது. நம்முடைய ஒரு மூலக்கூறு 4 ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்கும். மண்புழுவின் உறவான, கடற்கரை மணலில் வளைதோண்டி வாழும் அரெனிகோலாவின் மூலக்கூறோ 156 வரை சுமக்கும். மாற்று அறுவைக்கான சிறுநீரகத்தைக் கெடாமல் காக்க அதைப் பிரான்ஸின் ஹெமரினா நிறுவனம் பயன்படுத்துகிறது.

எல்லாப் புழுக்களும் இப்படி அல்ல. தட்டைப்புழுவுக்கும் உருளைப்புழுவுக்கும் இதயமும் இல்லை, ரத்தக்குழாயும் இல்லை. தட்டைப்புழுவின் மெல்லிய உடலில் ஆக்சிஜன் தானாகவே ஊடுருவிவிடும். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டித் தடித்த உடலுக்கு அந்த ஊடுருவல் போதாது. பொதுவாக அங்கேதான் ரத்த ஓட்டம் தேவைப்படுகிறது.

இதயத்தின் அறைகளை எண்ணி, மீனுக்கு 2, தவளைக்கு 3, நமக்கு 4 என்று உயிர்களை ஏணிப்படிகளில் ஏற்றிவைத்தே படித்துப் பழகிவிட்டோம். அந்த ஏணியை நான் ஏற்கவில்லை. ஒவ்வோர் உடலும் தன் பருமனுக்கும் மூச்சுக்கும் ஏற்ற வழியைத்தான் கொண்டிருக்கிறது. கரப்பானுக்கு எதுவும் குறையவில்லை, மண்புழுவுக்கு எதுவும் மிகையுமில்லை.

மழை விட்டதும் சிமெண்டுத் தரையில் நெளியும் மண்புழுவைப் பார்த்தால் எடுத்து ஈரமண்ணில் விடுங்கள். வெயிலில் தோல் காய்ந்தால் ஆக்சிஜன் உள்ளே போகாது. அத்தனை இதயங்கள் துடித்தாலும் சுமந்துபோக எதுவும் இருக்காது.