இதழியலும் பேச்சும் எல்லோருக்குமான பாடம்

பிளஸ் டூ மதிப்பெண் வந்ததும் வீடுகளில் நடக்கும் ஆலோசனையில் இதழியல் படிப்பின் பெயர் அடிபடுவதே இல்லை. யாராவது எடுத்தாலும் ‘டிவியில் வேலை கிடைக்குமா?’ என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். செய்தி நிறுவனங்கள் ஆள்குறைப்பு செய்யும் காலத்தில் பெற்றோரின் தயக்கம் நியாயமானதே. ஆனால், இந்தப் படிப்பை வேலையை மட்டும் வைத்து எடைபோடுவது தவறு. செய்தியை ஆராய்ந்து எழுதவும் பொதுவில் பேசவும் பழக்கும் ஒரு தாளை, எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்த மாணவரும் தமிழிலேயே படிக்க வழி செய்ய வேண்டும்.

2023 மார்ச் மாதத்தில் நடந்ததை மறந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சில வீடியோக்கள் பரவின. அவை தொடர்பில்லாத சம்பவங்களின் காட்சிகள் என்று காவல்துறை விளக்கியது. பிகார் அரசு இங்கே ஓர் அதிகாரிகள் குழுவையே அனுப்பியது. அதற்குள் தொழிலாளர் குடும்பங்களில் பீதி பரவிவிட்டது. அந்த வீடியோக்களைப் பகிர்ந்தவர்களில் படித்தவர்களும் உண்டு. ‘இது எங்கே, எப்போது எடுத்தது? யார் சொன்னது?’ என்று கேட்கும் பழக்கம்தான் அவர்களிடம் இல்லை.

இதற்கெல்லாம் ஒரு படிப்பா, பாரதியார் எந்தக் கல்லூரியில் இதழியல் படித்தார் என்று சிலர் கேட்பதுண்டு. 1904-இல் சுதேசமித்திரன் நாளிதழில் சேர்ந்த பாரதிக்கு வழிகாட்ட அதன் ஆசிரியர் ஜி.சுப்பிரமணிய ஐயர் இருந்தார். தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா.ஆதித்தனார் தொழில் பழகுவோருக்காக ‘இதழாளர் கையேடு’ எழுதினார். அன்று செய்தி அறையே பள்ளிக்கூடமாக இருந்தது. எழுதியதைத் திருத்த ஒரு மூத்தவர் இருந்தார். இன்று கைப்பேசியிலிருந்து நேரடியாகச் செய்தி போடுபவருக்குத் திருத்துவார் யாரும் இல்லை. அந்தக் கண்டிப்பு அவருக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

வகுப்பில் தரப்படும் எளிய பயிற்சி ஒன்றைப் பார்ப்போம்: ஒரு சாலை விபத்தைப் பத்து வரியில் எழுத வேண்டும். இறந்தவர்கள் ஐந்து பேர் என்பார் அங்கே நின்றவர், மூன்று பேர் என்று மருத்துவமனை சொல்லும், எஃப்.ஐ.ஆரில் இரண்டு பேர் என்றிருக்கும். எதை எழுதுவது, யார் சொன்னதாக எழுதுவது? பரிசோதனை முடிவு வரும் முன்பே ஓட்டுநர் குடித்திருந்தார் என்று எழுதலாமா? இந்தப் பத்து வரியைச் சரியாக எழுதத் தெரிந்தவர், வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பமாட்டார். எதை வெளியிடக் கூடாது என்பதும் இந்தப் பாடத்தில் அடங்கும். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு. மீறினால் ஓராண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. இது தெரியாமல் ‘நீதி வேண்டும்’ என்று அந்தப் படத்தையே பகிர்பவர்கள் எத்தனை பேர்!

பேச்சுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. மேடையிலேயே வளர்ந்த அரசியல் நம்முடையது. ஆனால், கல்லூரிப் பேச்சுப் போட்டி பெரும்பாலும் மனப்பாடத்துக்கும் கைதட்டலுக்குமானதாகவே நின்றுவிடுகிறது. எதிரில் இருப்பவர் சொல்வதை முழுதாகக் கேட்பது, மறுப்பைக் கோபமில்லாமல் சொல்வது, கோரிக்கையை இரண்டு நிமிடத்தில் முடிப்பது ஆகியவை தனிப் பயிற்சி கேட்பவை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. தன் தெருவுக்கு ஏன் குடிநீர்க் குழாய் வரவில்லை என்று அங்கே எழுந்து நின்று தெளிவாகக் கேட்கவும், பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதவும் ஒரு பட்டதாரிக்குத் தெரிய வேண்டாமா?

இந்தத் தாளைத் தொடங்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1947-லேயே இதழியல் கற்பிக்கத் தொடங்கியது. அந்த அனுபவம் கைவசம் இருக்கிறது. கல்லூரிதோறும் மாணவர்களே நடத்தும் ஒரு செய்தி இதழ், அதைத் திருத்தித் தர ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் ஒருவர், தமிழில் நல்ல பாடநூல் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். மனப்பாடத் தேர்வாக மட்டும் இதை ஆக்கிவிடக் கூடாது; எழுதியதற்கும் பேசியதற்குமே மதிப்பெண் தர வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் மேம்பாட்டுத் திட்டத்திலும் இதைச் சேர்க்கலாம்.

கையில் கைப்பேசி உள்ள ஒவ்வொருவரும் இன்று செய்தி வெளியிடுபவரே. அந்தப் பொறுப்பை மாணவர்களுக்குக் கற்றுத் தராமல் பட்டம் மட்டும் தருவது அரைகுறைக் கல்வி. வரும் கல்வியாண்டிலேயே இந்தத் தாளைக் கொண்டுவர உயர்கல்வித் துறை முன்வர வேண்டும்.