பௌர்ணமிக்கு வருமானம், 5-ம் தேதிக்குத் தவணை

1997-ல் வந்த 'அருணாச்சலம்' படத்தில் ரஜினிக்கு ஒரு சிக்கல். 30 நாளில் 30 கோடி ரூபாயைச் செலவு செய்து தீர்க்க வேண்டும். தீர்த்தால் 3,000 கோடி கைக்கு வரும். டிவியில் எத்தனை முறை போட்டாலும், "என்கிட்ட குடுத்தா மூணே நாள்ல முடிச்சிடுவேன்" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை.

அந்தப் படத்துக்குப் பெயர் கொடுத்த மலையின் பின்பக்கம் இருக்கிறது அடி அண்ணாமலை. இங்கே கிரிவலப் பாதையில் கடை போட்டுப் பிழைக்கிற வீடுகளுக்குச் சிக்கல் நேரெதிர். ஒரே இரவில் வந்த பணத்தை அடுத்த 30 நாளுக்கு இழுக்க வேண்டும்.

கிரிவலப் பாதை மொத்தம் 14 கிலோமீட்டர். பெரிய கோயிலில் கிளம்பி நடப்பவர்கள் அடி அண்ணாமலைக்கு வரும்போது பாதித் தூரம் தாண்டியிருக்கும். கால் கெஞ்ச ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால் குபேர லிங்கம். அங்கே போய்ப் பணம் வேண்டிக் கும்பிடுவதற்கு முன்னால், இங்கே கொஞ்சம் உட்கார்ந்து ஒரு சுக்கு காபி குடிக்கத் தோன்றும். கடைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால், இட்லி, பொங்கல் என்று இறங்கினால் கையைச் சுடும். வழி நெடுக அன்னதானம் நடக்கிறது. இலவசமாகச் சாப்பாடு கிடைக்கும் பாதையில் யார் காசு கொடுத்து டிபன் சாப்பிடுவார்கள்?

கணக்குக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். அம்மா சுக்கு காபிக் கடை. அப்பா ஆட்டோ. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி ஓட்ட முடியாது, அதனால் அன்றைக்கு டவுன் பக்கம் சவாரி. பிளஸ் டூ படிக்கும் மகள் ஒருத்தி. டம்ளர் கழுவவும் சில்லறை எண்ணவும் பாட்டி. ஆட்டோவுக்கு மாதம் 6,000 ரூபாய் தவணை, 5-ம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்கள். சாதாரண நாள் வருமானம் அரிசி, காய்கறி, பஸ்ஸுக்குச் சரியாகப் போய்விடும். தவணைப் பணம் வர வேண்டியது பௌர்ணமியில்தான்.

இந்த வீட்டின் குடைச்சல் என்னவென்றால், நிலாவுக்கு 5-ம் தேதி தெரியாது.

ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடைவெளி ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். 12 பௌர்ணமி சேர்ந்தால் 354 நாள்தான். ஆண்டுக்கு 365. அந்த 11 நாள் வித்தியாசத்தில்தான் பௌர்ணமி ஒவ்வோர் ஆண்டும் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. 2025 ஜனவரியில் 13-ம் தேதி, போகியன்று வந்தது. நவம்பரில் சரியாக 5-ம் தேதி. டிசம்பரில் 4.

அந்த ஆண்டின் அக்டோபர்தான் மோசம். செப்டம்பர் 7-ல் பௌர்ணமி வந்து போயிற்று. அந்தப் பணம் தவணை நாள் வரை 28 நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். அடுத்த பௌர்ணமி அக்டோபர் 6 மதியம்தான் தொடங்கியது. தவணை அக்டோபர் 5. ஒரே ஒரு நாள். அது ஞாயிற்றுக்கிழமை வேறு. "லீவு நாள்தானே, திங்கட்கிழமைதான் பிடிப்பாங்க" என்பது பழைய நினைப்பு. 2021 ஆகஸ்ட் 1 முதல் தானியங்கித் தவணை முறை ஞாயிறும் விடுமுறை நாளும் பார்ப்பதில்லை. கணக்கில் பணம் இல்லையென்றால் வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்த நிறுவனம் இன்னொன்று போடும். திங்கட்கிழமை ராத்திரி கடையில் கூட்டம் அலைமோதினாலும், விழுந்த அபராதம் விழுந்ததுதான்.

அந்த ஒரு நாளைத் தாண்ட இரண்டு வழிதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஒன்று, கழுத்துச் செயினை அடகு வைப்பது. இன்னொன்று தண்டல். 10,000 ரூபாய் என்று பேசி, 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்க்க ஆயிரம் ரூபாய்தான் வட்டி. ஆனால், கடன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆண்டு வட்டி ஏறத்தாழ 80 சதவீதம் வரும். ஒரு நாள் தாமதத்துக்கு நூறு நாள் தண்டனை.

சரி, தவணைத் தேதியை மாற்றிவிட்டால்? கேட்டால் சில நிறுவனங்கள் மாற்றித் தரவும் செய்யும். ஆனால், எந்தத் தேதியை வைத்தாலும் ஏதோ ஒரு மாதம் பௌர்ணமி அதைத் தாண்டித்தான் நிற்கும்.

இதே வீட்டில் மூன்றாவதாக ஒரு காலண்டரும் ஓடுகிறது. அது போனுக்குள் இருக்கிறது.

"அம்மா, ரீசார்ஜ் முடிஞ்சிடுச்சு."

"இப்பத்தானடி போட்டோம்?"

"இருபத்தெட்டு நாள்தாம்மா."

28 நாள் பேக் போடுகிறவர்கள் ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்கிறார்கள். ஒரு பேக் 300 ரூபாய் என்று வைத்தாலும் 3,600 அல்ல, 3,900. மூன்று போன் இருக்கிற வீட்டில் 900 ரூபாய் சத்தமில்லாமல் கூடுதலாகப் போகிறது. இது பற்றிப் புகார்கள் வந்த பிறகுதான், 30 நாள் செல்லும் பேக்கும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக்கும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவு போட்டது. ஆப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது என்னவோ 28 நாள் பேக்தான். கொஞ்சம் கீழே தள்ளித் தேட வேண்டும். ராத்திரி கடை மூடிய பிறகு சீரியலும் ரீல்ஸும்தான் இந்த வீட்டின் பொழுதுபோக்கு. அதை நிறுத்தச் சொல்வது நியாயமில்லை. பேக்கை மாற்றினால் போதும்.

இதற்கு நடுவில் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை. மாத நடுவில் வரும் அந்த 1,000 ரூபாய்க்கு ஒரு தனி மரியாதை உண்டு. அது நிலாவைப் பார்த்து வருவதில்லை.

நிலா வந்தும் ஆள் வராத காலமும் உண்டு. 2020 மார்ச்சில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை இருந்தது. மாதாமாதம் நிலா வந்தது. சுக்குத் தட்ட வேலையில்லை. 2024 டிசம்பர் 1-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அடுத்த இரண்டு வாரத்துக்குள் தீபம். ஆண்டின் பெரிய வியாபாரமே அதுதான் என்றாலும், அந்த முறை ஊருக்கே மனசு சரியில்லை.

அதனால்தான் ஒரு வரவுக்கும் அடுத்த வரவுக்கும் நடுவில் ஒரு தவணைப் பணம் எப்போதும் கணக்கில் கிடக்க வேண்டும் என்கிற பேச்சு இந்த மாதிரி வீடுகளுக்கு முக்கியமாகிறது. பெரிய சேமிப்பெல்லாம் அப்புறம். முதலில் ஒரே ஒரு 6,000. ஒவ்வொரு பௌர்ணமி மறுநாளும், சில்லறை எண்ணி முடித்த கையோடு, சீனி வாங்குவதற்கு முன்னால் 500 ரூபாய் தனியே. 12 பௌர்ணமியில் ஒரு தவணை சேர்ந்துவிடும். இதற்குத் தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கு போதும், 500 ரூபாயில் தொடங்கலாம். ஜிபே இல்லாத கணக்காக இருந்தால் இன்னும் நல்லது. கைக்கு எட்டுகிற பணம் தங்காது. பிறகு அக்டோபர் மாதிரி ஒரு மாதம் வந்தால் அதிலிருந்து எடுத்து 5-ம் தேதி கட்டிவிட்டு, 7-ம் தேதி காலையில் திரும்பப் போட்டுவிடலாம். செயின் கழுத்திலேயே இருக்கும்.

சொல்ல எளிது. பௌர்ணமி மறுநாள் காலையில் பால்காரர், டம்ளர் கடைக்காரர், ஸ்கூல் பஸ் பாக்கி எல்லாம் வாசலில் நிற்கும்போது அந்த 500 ரூபாயைத் தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். முதல் மூன்று மாதம் பாட்டியின் முந்தானை முடிச்சில் இருந்தால்கூடத் தப்பில்லை. அந்த முடிச்சை அவிழ்க்க மருமகளுக்குத் தைரியம் வராது.

2026-ல் ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்த ஆண்டில் 13 பௌர்ணமி. மே முதல் தேதி சித்ரா பௌர்ணமி, அதே மாதக் கடைசியில் இன்னொன்று. தவணை 12, வரவு 13. அந்தப் பதின்மூன்றாவதை என்ன செய்வது என்பதில் வீட்டுக்குள் ஒற்றுமை இருக்காது. மகளுக்குப் புது போன் வேண்டும், அப்பாவுக்கு ஆட்டோ டயர் இரண்டு மாற்ற வேண்டும். பாட்டிக்கு மட்டும் வேறு கவலை. அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு வருகிற பௌர்ணமியாம் அது. சுக்கு காபி ஓடாது, மோர்தான் ஓடும். மண்பானைக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.