பீமா கோரேகான்: பெயர்களைக் காக்கும் கல்லும் காவல் தடுப்புகளும்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று மகாராட்டிரத்தின் புனே மாவட்டத்தில், பீமா ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு கல்தூணை நோக்கி இலட்சக்கணக்கான தலித் மக்கள் செல்கின்றனர். நீலக்கொடி ஏந்திய இளைஞர்கள், குழந்தைகளை இடுப்பில் சுமந்த பெண்கள், பழைய பதக்கங்களை அணிந்த ஓய்வுபெற்ற படைவீரர்கள், சமதா சைனிக் தளத்தின் அணிவகுப்பினர் எனத் திரளும் அம்மக்களை இன்று முதலில் எதிர்கொள்பவை காவல்துறையின் தடுப்புகளும் கண்காணிப்புக் கருவிகளுமே. ஒரு போர் நினைவுச் சின்னம் ஆண்டில் ஒரு நாள் மட்டும் சட்டம் ஒழுங்குச் சிக்கலாக நடத்தப்பட்டு, எஞ்சிய நாள்களில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. இந்நிலை எவ்வாறு உருவானது, அங்கு உண்மையில் எத்தகைய ஏற்பாடு தேவை என்னும் இரு கேள்விகளையும் இங்கு ஆராய்கிறோம்.

கல்லில் எழுதப்பட்டிருப்பது

1818 ஜனவரி 1 அன்று கோரேகான் சிற்றூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கும் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் படைக்கும் இடையே போர் நிகழ்ந்தது. கேப்டன் ஸ்டாண்டன் தலைமையில் ஷிரூரிலிருந்து இரவெல்லாம் நடந்துவந்த கம்பெனிப் படையில் எண்ணூற்றுச் சொச்சம் பேர் இருந்தனர். பம்பாய்க் காலாட்படையின் ஒரு பிரிவும் குதிரைப்படையும் அதில் அடக்கம். இரண்டு பீரங்கிகளை இயக்கியோர் மதராஸ் பீரங்கிப் படையினர். குடிநீரின்றிப் பகல் முழுதும் நடந்த சண்டை இரவில் ஓய்ந்தது. பேஷ்வாவின் படை பின்வாங்கியது. அவ்வாண்டின் ஜூன் மாதத்தில் பாஜிராவ் சரணடைந்தார். பேஷ்வா ஆட்சி முடிவுற்றது.

1821இல் கம்பெனி அரசு அங்கு வெற்றித்தூணுக்கு அடிக்கல் நாட்டியது. அதன் கல்வெட்டு இப்போரை ஆங்கிலேயப் படை கிழக்கில் ஈட்டிய பெருமைமிகு வெற்றிகளுள் ஒன்றாகப் போற்றுகிறது. அவ்வகையில் அது ஒரு வணிகக் கம்பெனி தனக்குத்தானே எழுப்பிக்கொண்ட புகழ்ச்சின்னம். ஆயினும் அக்கல்லில் போரில் மாண்டவர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. 49 பெயர்களுள் 22 பெயர்கள் ‘நாக்’ என்னும் ஈற்றைக் கொண்டவை. அது அன்றைய மகர் சமூகத்து ஆண்களின் பெயரோடு ஒட்டிவரும் விகுதி. படைப்பதிவேட்டில் இருந்தவாறே பெயர்கள் கல்லுக்கு ஏறின. அதனால் சாதியும் கல்லில் ஏறியது. பேஷ்வா ஆட்சியில் தீண்டப்படாதோர் கழுத்தில் கலயத்தையும் இடுப்பில் துடைப்பத்தையும் கட்டி நடக்க நேர்ந்த இழிநிலையை அண்ணல் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் பதிவு செய்தார். அந்த ஆட்சி வீழ்ந்த களத்தில், அதே மக்களின் பெயர்கள் ஏனையோரின் பெயர்களுக்கு நடுவே, ஒரே கல்லில், ஒரே அளவு எழுத்தில் நிற்கின்றன. இத்தூண் கம்பெனியின் கையிலிருந்து தலித் மக்களின் நினைவுக்கு இடம்பெயர்ந்ததன் காரணம் இதுவே.

பெயர் பொறிக்கப்படுவது எளிதாகக் கிடைத்துவிடும் உரிமை அன்று. முதல் உலகப்போரில் மெசொப்பொட்டேமியக் களத்தில் மாண்டவர்களுக்காக 1929இல் ஈராக்கின் பாஸ்ராவில் எழுப்பப்பட்ட நினைவகத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் இடம்பெற்றன. கடைநிலை இந்திய வீரர்கள் ஆயிரக்கணக்கானோர் வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். இத்தகைய பாகுபாட்டைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல்தான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. தமிழ்நாட்டின் சிற்றூர்கள் பலவற்றிலும் அப்போருக்குச் சென்றோர் இத்தனை பேர், மாண்டோர் இத்தனை பேர் என்று கூறும் கல்வெட்டுகள் உள்ளன. எண் இருக்கிறது; பெயர் இல்லை. இப்பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் கோரேகானின் 22 பெயர்களின் எடை விளங்கும்.

மக்கள் கைக்கொண்ட சின்னம்

கம்பெனிக்காக உயிர்நீத்தவர்களுக்குக் கம்பெனியின் வாரிசான ஆங்கிலேய அரசு அளித்த கைம்மாறு கசப்பானது. ‘போர்க்குணச் சாதிகள்’ என்னும் போலிக் கோட்பாட்டின் பெயரால் 1892இல் மகர்கள் படையில் சேரும் வாயில் அடைக்கப்பட்டது. படைப்பணி என்பது அம்மக்களுக்குக் கூலியாக மட்டும் இருந்ததில்லை. வீரர்களின் பிள்ளைகளுக்குப் பாசறைகளில் கல்வி கிடைத்தது. அம்பேத்கரின் தந்தை இராம்ஜி சக்பால் படைப்பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தார். அம்பேத்கர் பிறந்ததே மாவ் பாசறையில்தான். எனவே அவ்வாயில் அடைக்கப்பட்டது ஒரு தலைமுறையின் ஏற்றத்தையே தடுத்தது. ஓய்வுபெற்ற வீரரான கோபால் பாபா வலங்கர் 1894இலும், சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910இலும் அரசுக்கு விண்ணப்பித்தனர்.

இப்போராட்டத்தின் தொடர்ச்சியாகவே 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் கோரேகான் தூணின் முன் நின்றார். அவ்வாண்டின் மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் நீரருந்தும் போராட்டம் நடந்தது. டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஓராண்டின் இம்மூன்று நாள்களையும் சேர்த்துப் படித்தால், போர்க்களத்தில் வீரத்தை மெய்ப்பித்தவர்கள் ஊர்க்குளத்தில் குடிமக்களாவது எப்போது என்னும் கேள்வி தெளிவாகக் கேட்கும். 1941இல் மகர் ரெஜிமெண்ட் உருவாக்கப்பட்டபோது கோரேகான் தூண் அதன் தொப்பிச் சின்னத்தில் இடம்பெற்றது. பின்னர் அது நீக்கப்பட்டு அவ்விடத்தில் குறுவாள் வைக்கப்பட்டது. அரசுப் படை தன் சின்னத்திலிருந்து தூணைக் கழற்றிய பிறகும், மக்கள் ஆண்டுதோறும் அத்தூணிடம் சென்றுகொண்டே இருந்தனர்.

2018க்குப் பின்

போரின் 200ஆம் ஆண்டான 2018 ஜனவரி 1 அன்று, தூணை நோக்கிச் சென்ற மக்கள்மீது காவிக்கொடி ஏந்திய கும்பல்கள் கல்லெறிந்து தாக்கின. வண்டிகள் எரிக்கப்பட்டன, வன்முறையில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன்பே அருகிலுள்ள வடு புத்ருக் ஊரில், சம்பாஜியின் இறுதிச் சடங்கைச் செய்தவராக மகர் மக்கள் போற்றும் கோவிந்த் கோபாலின் சமாதி குறித்துப் பூசல் மூட்டப்பட்டிருந்தது. ஒரு தலித்தின் பெயர் வரலாற்றில் எங்கு இடம்பெறலாம் என்பதே அங்கும் சச்சரவாயிற்று.

வன்முறையின் வேரை ஆராய 2018 பிப்ரவரியில் ஓய்வுபெற்ற நீதியரசர் ஜே.என். பட்டேல் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. 4 மாதம் என வகுக்கப்பட்ட அதன் காலக்கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. தாக்கியோர்மீதான வழக்குகள் நத்தை வேகத்தில் நகர்ந்தன. மறுபுறம், 2017 டிசம்பர் 31 அன்று புனே சனிவார்வாடாவில் நடந்த எல்கார் பரிஷத் கூட்டத்தை முன்வைத்து, வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள், கலைஞர்கள் உள்ளிட்ட 16 பேர் ஊபா சட்டத்தின்கீழ்ச் சிறைப்படுத்தப்பட்டனர். திருச்சி மாவட்டத்தின் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே பணியாற்றிய அருட்தந்தை ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் கைதாகி, 2021 ஜூலை 5 அன்று பிணை கிடைக்காமலேயே மறைந்தார்.

சிறைப்பட்டவர்களுள் ஆனந்த் டெல்டும்டேயும் ஒருவர். கோரேகான் பற்றிய வீரக்கதை சாதி அடையாளத்தையே மேலும் இறுக்கிவிடக்கூடும் என்று 2018இன் தொடக்கத்திலேயே எச்சரித்து எழுதியவர் அவர். கொண்டாடியவர்களோடு, கொண்டாட்டத்தை விமர்சித்தவரும் ஒரே வழக்கில் சிறை சென்றார். இந்நினைவைப் பற்றிய வரலாற்று விவாதத்தில் அரசுக்கு அக்கறை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

யார் நடத்துகிறார்கள்?

இத்தூணின் பராமரிப்பு 1824இல், அப்போரில் காயமுற்ற ஜமேதார் ஒருவரின் பொறுப்பில், நில மானியத்துடன் விடப்பட்டது. இன்று தூணைச் சூழ்ந்த நிலத்தின் உரிமை நீதிமன்ற வழக்கில் சிக்கியுள்ளது. அண்மை ஆண்டுகளில் மாவட்ட ஆட்சியரகமும் ‘பார்ட்டி’ எனப்படும் அம்பேத்கர் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் ஜனவரி 1 ஏற்பாடுகளைக் கவனிக்கின்றன. தண்ணீர் லாரி, கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், அங்கிருந்து தூண்வரை பேருந்து ஆகிய வசதிகள் முன்பைவிட மேம்பட்டுள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. இவை மக்கள் கேட்டுப் பெற்றவை.

ஆனால் வந்து செல்வதற்கான வசதியும், வந்த இடத்தில் அறிந்துகொள்வதற்கான வசதியும் ஒன்றல்ல. இலட்சம் பேர் கூடும் அந்த இடத்தில், போர் எப்படி நடந்தது, மாண்டவர்கள் எந்த ஊரினர், அவர்தம் வழித்தோன்றல்கள் எங்குள்ளனர் என்று சொல்லும் ஒரு முறையான அருங்காட்சியகம் இல்லை. வரலாற்றைச் சொல்லும் வேலையைச் சாலையோரப் புத்தகக் கடைகளும் பாடகர்களும் செய்கின்றனர். அம்பேத்கரிய இயக்கத்தின் உயிர்ப்பு அக்கடைகளில் இருக்கிறது என்பது உண்மை. எனினும் மூல ஆவணங்களைத் திரட்டிக் காக்கும் ஆற்றல் ஒருநாள் கடைகளுக்கு இருக்க இயலாது.

அருங்காட்சியகம் இல்லாத இடத்தில் வாய்வழக்கும் வதந்தியும் நுழைகின்றன. 500 மகர்கள் 28,000 பேரை வீழ்த்தினர் என்னும் கூற்றை நம் மேடைகளிலும் கேட்கிறோம். பேஷ்வாவின் முகாமில் 28,000 பேர் இருந்ததாகச் சொல்லப்படினும், கோரேகானைத் தாக்க அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 2,000 பேரே. அவர்களுள் அரபு வீரர்கள் கணிசமாக இருந்தனர். கம்பெனிப் படையில் மகர்களோடு மராத்தியரும், ராஜபுத்திரரும், முஸ்லிம்களும் இருந்தனர். இவ்வுண்மைகளைச் சொல்வதால் அந்த 22 பெயர்களின் மதிப்பு ஓர் அணுவும் குறையாது. மிகைப்படுத்திய எண்ணைப் பிடித்துக்கொண்டு முழு வரலாற்றையும் பொய்யென்று தள்ளுவோருக்கு வாய்ப்பளிக்காமல் இருக்கவும் இதுவே வழி.

வாஷிங்டன் தரும் பாடம்

ஒடுக்கப்பட்டோரின் போர் நினைவகம் எவ்வாறு இயங்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு முன்மாதிரி உண்டு. சாதியையும் நிறவெறியையும் ஒப்பிட்டு நோக்கும் மரபு நமக்குப் புதிதன்று. அம்பேத்கரே 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்கு மடல் எழுதியவர்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்கு எதிராகப் போரிட்ட கறுப்பினப் படைப்பிரிவுகள், 1865 மே மாதத்தில் வாஷிங்டனில் நடந்த மாபெரும் வெற்றி அணிவகுப்பில் இடம்பெறவில்லை. 133 ஆண்டுகள் கழித்து, 1998இல், அந்நகரின் கறுப்பினக் குடியிருப்புப் பகுதியில் அவர்களுக்கு நினைவகம் எழுந்தது. ஒரு வெண்கலச் சிற்பம். அதனைச் சூழ்ந்த சுவர்களில் படைப்பிரிவுவாரியாக 209,145 பெயர்கள். அடுத்த ஆண்டே அதனருகில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வருவோர் தம் முன்னோரின் பெயரைப் பட்டியலில் தேடலாம். வழித்தோன்றல்கள் தம் குடும்ப வரலாற்றைப் பதிவு செய்யலாம். சுவரில் உள்ள பெயர் ஒரு குடும்பத்தின் கதையாகவும், அக்கதை ஆய்வாளருக்கு ஆவணமாகவும் மாறுகின்றது. போரில் உயிர்கொடுத்தவர்களுக்கு நெடுங்காலம் சம ஊதியம்கூட மறுக்கப்பட்டது என்னும் கசப்பும் அவ்வரலாற்றின் பகுதி. பெருமையையும் அநீதியையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பேச இயலும் என்பதே நாம் அங்கிருந்து பெறத்தக்க பாடம்.

நம் கோரிக்கைகள்

முதலாவதாக, கோரேகானில் ஆண்டு முழுதும் இயங்கும் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் வேண்டும். 1818இன் படைப்பதிவேடுகள் தொடங்கி, 1892இன் கதவடைப்பு, வலங்கர், காம்ப்ளே விண்ணப்பங்கள், 1927இன் வருகை, 2018இன் வன்முறை வரை அனைத்தும் அங்கு இடம்பெற வேண்டும். கம்பெனியின் சுரண்டலை மறைக்கும் காட்சியகமும், தலித் வீரர்களைக் கைக்கூலிகள் என்று இகழும் காட்சியகமும் ஒருசேர நமக்கு ஏற்புடையன அல்ல.

இரண்டாவதாக, அதன் நிருவாகத்தில் அம்பேத்கரிய அமைப்புகளும், வரலாற்று ஆய்வாளர்களும், வீரர்களின் வழித்தோன்றல்களும், பெண்களும் முடிவெடுக்கும் இடத்தில் அமர வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தின் ஒரு பிரிவாக அது சுருங்குமானால், ஆட்சி மாறும்போதெல்லாம் சுவரிலுள்ள வாசகமும் மாறும்.

மூன்றாவதாக, பட்டேல் ஆணையத்தின் விசாரணைப் பதிவுகள் அனைத்தும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். தாக்கியோர்மீதான வழக்குகள் விரைந்து முடிக்கப்பட வேண்டும். ஒரு நினைவகத்திற்குச் செல்வோரின் பாதுகாப்பு அவர்களைக் கண்காணிப்பதால் உறுதிப்படாது. தாக்குவோருக்குத் தண்டனை உண்டு என்னும் நிலையே அதை உறுதிப்படுத்தும்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் இதில் வேலை உண்டு. 1780இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர் சமூகத்தவர் பெரும் எண்ணிக்கையில் பணியாற்றினர். பாலமும் சாலையும் அமைத்து, பதுங்குகுழி தோண்டி, போர்முனையில் முதலில் நின்றவர்கள் அவர்கள். அவர்தம் பேரப்பிள்ளைகளின் வீட்டுப் பெட்டிகளில் ஓய்வூதியச் சீட்டுகளும், விடுவிப்புச் சான்றுகளும், மங்கிய படங்களும், பதக்கங்களும் இன்னும் இருக்கின்றன. அவை கரையானுக்குப் போகுமுன் படியெடுக்கப்பட வேண்டும். தம் ஊரில் முதல் உலகப்போர்க் கல்வெட்டு உண்டா, அதில் எண்ணாக மட்டும் நிற்பவர்கள் யார், எந்தத் தெருவினர், திரும்பி வந்தவர்களை ஊர் எவ்வாறு நடத்தியது என்று முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்வதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. ஒரு கைப்பேசியும் சில விடுமுறை நாள்களும் போதும். கோரேகானில் கல்லில் இருந்த பெயர்களை மக்கள் மீட்டெடுத்தனர். நம் ஊர்க் கல்லில் இல்லாத பெயர்களைத் தேடி எழுதும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.