சிக்னலுக்குத் தெரியாத ஊர்க் கடிகாரம்

ரமலான் மாதத்தில் மாலை ஆறு மணிக்கு, வேலூரை அடுத்த மேல்விஷாரத்தில் ரோட்டோரம் நின்று பாருங்கள். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கிய பையன்கள், தூக்குச்சட்டி சாய்ந்துவிடாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை வண்டிகளுக்கு நேரே நீட்டியபடி சாலையைக் கடப்பார்கள். தோல் ஷாப்புகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை முடித்தவர்கள் பாங்கு சொல்வதற்குள் வீடு சேர டூவீலரை முறுக்கிக்கொண்டு வருவார்கள். பாங்கு ஒலித்த சில நிமிடத்தில் அதே சாலை வெறிச்சோடிவிடும். இரவில் தராவீஹ் தொழுகை முடிந்ததும் மறுபடி நிரம்பும், அதுவும் பெரும்பாலும் நடந்து வருகிறவர்களால்.

நம் போக்குவரத்துப் பொறியியல் துறையில் நேரப்படி இயங்கும் சிக்னல்களுக்கு நாம் எழுதிக்கொடுக்கும் அட்டவணையில் இந்த மாலைக்கு இடமே இல்லை. காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 7 என்று பீக் அவர் போட்டுவிடுகிறோம். ரமலானோ ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். மார்ச்சுக்கென்று எழுதிய அட்டவணை இரண்டு மூன்று வருடத்தில் பொய்யாகிவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கூட்டம் நண்பகலில் கூடும், தொழுகை முடிந்ததும் ஒரே நேரத்தில் கலையும். கம்பெனிச் சங்குக்கும் அதன் சொந்த நேரம் உண்டு. இந்த ஊருக்கு நான்கைந்து கடிகாரங்கள். சிக்னலுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

நுண்ணறிவுப் போக்குவரத்துத் தொழில்நுட்பம் சிறிய ஊர்களுக்கும் வரவேண்டும் என்று இந்த இதழ் பல முறை எழுதியிருக்கிறது. இப்போதும் அதையே கேட்கிறோம். ஆனால் கேமராவுக்கு டெண்டர் விடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. யாரை எண்ணப் போகிறோம் என்று முடிவு செய்யவேண்டும்.

நம் கையில் இருக்கும் கருவிகளின் பிறப்பைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். சிக்னல் சுழற்சி நேரத்துக்கு நாம் இன்றும் நாடும் வெப்ஸ்டரின் சூத்திரம் 1958-இல் பிரிட்டனில் வெளியானது. 1970-களில் சிட்னியில் உருவான ஸ்காட்ஸ் என்ற சிக்னல் கட்டுப்பாட்டு முறை, தார்ச்சாலையில் லேனுக்கு ஒன்றாகப் புதைத்த கம்பிச் சுருள்களை நம்பி வேலை செய்தது. லேனில் வண்டி வந்தால் கம்பிக்குத் தெரியும். இரண்டு லேனுக்கு நடுவே டூவீலரும், ஓரத்தில் ஆட்டோவும், அதன் பக்கத்தில் தோல் மூட்டை ஏற்றிய குட்டியானையும் நெருக்கியடித்து நின்றால் அந்தக் கம்பி என்ன செய்யும்? இந்தக் கலப்புப் போக்குவரத்துக்கென்றே திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனம் காஸிகாஸ்ட் என்ற முறையை உருவாக்கியது. கேமரா வழி எண்ணும் மென்பொருள்களும் இன்று வெகுவாகத் தேறிவிட்டன. வண்டியை எண்ணும் பிரச்சினையில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம்.

நடப்பவரை எண்ணுவதுதான் தீரவில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1990-ஆம் ஆண்டு வழிகாட்டியில் டூவீலருக்கு 0.5 அல்லது 0.75, கைவண்டிக்கு 2 அல்லது 3 என்று கார் அலகில் மதிப்பு இருக்கிறது. கஞ்சிச் சட்டியோடு கடக்கும் பையனுக்கு அந்த அட்டவணையில் எண் கிடையாது. நடப்பவர்களுக்கென்று தனி வழிகாட்டி உண்டு, அதில் ஒரு சூத்திரமும் உண்டு. கடப்பவர் எண்ணிக்கையை வாகன எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கிப் பார்த்துத்தான் கடவை தேவையா என்று முடிவு செய்கிறோம். துணிந்து இறங்கியவரை அந்தக் கணக்கு எண்ணும். பயந்து நின்றுவிட்ட பாட்டி, சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போன அம்மா, தனியாக அனுப்ப மனம் வராமல் வீட்டில் நிறுத்திவைத்த குழந்தை, இவர்கள் யாரும் கணக்கில் வரமாட்டார்கள். சாலை எவ்வளவு ஆபத்தானதோ அவ்வளவு குறைவாகவே ஆள் கடப்பார்கள். கடவை தேவையில்லை என்று சூத்திரமும் சொல்லிவிடும்.

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48 மேல்விஷாரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று லேன் என்றால் பத்தரை மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் என்று நாம் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நடை வேகத்தில் அதைக் கடக்க ஏறக்குறைய 9 விநாடி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அந்த 9 விநாடியில் 200 மீட்டர் வந்துவிடும். முழங்கால் வலியோடு நடப்பவருக்கு 1.2 என்பது ஓட்டம்.

இதற்குத் தொழில்நுட்பத்தில் விடை இருக்கிறது. சிங்கப்பூரில் 2009 முதல் முதியவர்கள் தங்கள் அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை மனிதன் 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக நிற்பான். பிரிட்டனின் பஃபின் கடவைகளில் ஆள் இன்னும் சாலையில் இருப்பதை சென்சார் கண்டு, வண்டிகளுக்குப் பச்சை தருவதைத் தள்ளிப்போடும். இவற்றை ஆறு வழி நெடுஞ்சாலையில் அப்படியே நட்டுவிட முடியாது, அங்கே சுரங்கப்பாதைதான் முறை. ஆனால் சர்வீஸ் ரோட்டிலும் ஊருக்குள் இருக்கும் பஜார் சாலையிலும் இன்றைக்கே செய்யலாம்.

இன்னொரு குருட்டுப் பக்கமும் உண்டு. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து, பள்ளிகொண்டா, வாணியம்பாடி சுங்கச்சாவடிகளைத் தாண்டும் வண்டிகளின் பயண நேரத்தைக் கணக்கிடுவது எளிது. நெரிசலை முன்கூட்டி அறிய இது பொன்னான தரவு. டூவீலருக்குச் சுங்கம் இல்லை, அதனால் ஃபாஸ்டேக்கும் இல்லை. இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் டூவீலரிலும் கம்பெனி பஸ்ஸிலும் நடந்தும் போகிறவர்கள். ஃபாஸ்டேக் தரவை மட்டும் நம்பினால் பெங்களூருக்குப் போகும் காருக்கு வழி தெளிவாகும், ஊர்க்காரருக்கு ஆகாது.

இந்தக் கேமரா, சென்சார் எல்லாவற்றையும் 2011 கணக்கெடுப்பில் 45 ஆயிரத்தை நெருங்கிய மக்கள்தொகை கொண்ட ஒரு நகராட்சி தனியாக வாங்கிப் பராமரிக்க முடியுமா? முடியாது. அதற்கான பாடத்தை இந்த ஊரே படித்திருக்கிறது. தோல் கழிவு நீரைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் கடுமையாகத் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு சிறு ஷாப்பும் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது நடக்காத காரியம். பலர் சேர்ந்து பணம் போட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களே வழியாயின. மேல்விஷாரத்தின் விஷ்டெக் அப்படிப்பட்டதுதான். தோல் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி பேசவேண்டி வந்ததையும் மறைக்க வேண்டாம். பொது நிலையம் கட்டுவதைவிட அதை நாள்தோறும் ஒழுங்காக ஓட்டுவது கடினம் என்பது அந்தப் பாடத்தின் இரண்டாம் பாதி. சிக்னலுக்கும் அது பொருந்தும். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்ததும் கண் மூடிக்கொண்ட கேமராக்களை நம்மில் பார்க்காதவர் யார்?

வேலூர் 2016-இல் சீர்மிகு நகரப் பட்டியலில் சேர்ந்தது. அதன் கட்டுப்பாட்டு மையம் மேல்விஷாரம், ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களுக்கும் பொதுவாகட்டும். தடையாக நிற்பது 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததுதான். இன்று மூன்று ஆட்சியர்கள், மூன்று காவல் கண்காணிப்பாளர்கள். நெடுஞ்சாலை மட்டும் ஒன்றாகவே ஓடுகிறது. மூன்று மாவட்டங்களும் கையெழுத்திட்டு, செலவையும் பராமரிப்பையும் பங்கிட்டுக்கொள்ளும் உடன்பாடு ஒன்று வேண்டும். அதை எழுதவேண்டியவர்கள் இந்த இதழை வாசிக்கிறவர்கள்தான்.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியது கணக்கெடுப்பு. மேல்விஷாரத்திலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது. ரமலானுக்கு முன் ஒரு வாரம், ரமலானில் ஒரு வாரம், மாணவர்களை நிறுத்தி எண்ணச் சொல்லலாம். கடந்தவர்களோடு, கடக்க வந்து திரும்பியவர்களையும், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதையும் குறிக்கவேண்டும். படிவத்தில் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் ஹிஜ்ரி தேதிக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அப்படி எடுத்து அனுப்பும் நகராட்சிப் பொறியாளர்களின் கணக்கை இந்த இதழில் முழுமையாக வெளியிடுவோம்.