கொடையல்ல, கிரயம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் உள்ள தெர்மோபோலிஸ், வெந்நீர் ஊற்றால் பெயர்பெற்ற ஊர். அதே ஊற்றுநீரில் நீச்சல் குளங்களும் சறுக்குக் குழாய்களும் அமைத்துக் கட்டணம் வாங்கும் நீர்ப் பூங்காக்கள் அங்கே உண்டு. பக்கத்திலேயே மாநில அரசின் குளியல் கூடம். அங்கே காசு கிடையாது. சுமார் 104 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் 20 நிமிடம் உட்காரலாம், பிறகு எழுந்துவிட வேண்டும். இந்த இலவசம் ஷோஷோனி பழங்குடித் தலைவர் வாஷாக்கி வைத்த நிபந்தனை என்று ஊரில் சொல்வார்கள். ஊற்று கைமாறிய கதையை நாடகமாகவும் நடிக்கிறார்கள்; அதற்குப் பெயர் 'நீரின் கொடை'. அந்தக் 'கொடை' என்ற சொல்தான் இடிக்கிறது.

1896-இல் நடந்தது கிரயம். வாஷாக்கியும் அராபஹோ தலைவர் ஷார்ப் நோஸும் ஊற்றோடு சேர்த்து ஏறத்தாழ பத்து மைல் நீள அகலமுள்ள நிலத்தை 60,000 டாலருக்கு அமெரிக்க அரசுக்கு எழுதிக்கொடுத்தார்கள். ஏக்கருக்கு ஒரு டாலர் அளவுதான் வரும். அதிலும் கணிசமான பகுதி பணமாக அல்ல, உணவுப்பொருளாகவே போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டே ஊற்றைச் சுற்றிய ஒரு சதுர மைல் வயோமிங் மாநிலத்துக்குப் போய்விட்டது. மனமொப்பித்தானே கையெழுத்திட்டார்கள் என்று கேட்கலாம். ஒப்பியது உண்மை. ஆனால் காட்டெருமைக் கூட்டங்கள் அழிந்து, அரசு தரும் ரேஷனை நம்பி அடுப்பெரிந்த காலம் அது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவன் நிலத்தை எழுதிக்கொடுத்தால், வாங்கியவன் அதைத் தானம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

முதல் போட்டுக் குளம் கட்டியவர்கள் இல்லாவிட்டால் ஊரே வளர்ந்திருக்காது என்பது இன்னொரு வாதம். அதுவும் சரிதான்; சறுக்குக் குழாய்க்குக் கட்டணம் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் குழாய் அவர்கள் போட்டது, தண்ணீர் அவர்கள் போட்டதல்ல. அந்த 20 நிமிட இலவசக் குளியலை அரசின் தாராளமாகப் பார்ப்பதும் பொருந்தாது. மலிவாக வாங்கிய சொத்தின் மீது நிற்கிற பாக்கி அது. வரவுசெலவு இடித்தால் முதலில் வெட்டப்படும் சலுகைகளோடு அதைச் சேர்க்கக் கூடாது. நாடகம் நடக்கட்டும். ஊற்றருகே ஒரு பலகை வைத்து 1896, 60,000 டாலர் என்ற இரண்டு எண்களையும் அதில் எழுதிவைக்கட்டும்.